ஆத்துக் கல்லு

ஆத்துக் கல்லு நெருப்புல வெடிக்கும். இதைச் சொல்லணும். இந்தச் சக்கரவள்ளிக் கிழங்கைக் கழுவி முடிச்சதும் கையைத் துடைச்சுட்டு, வீட்டுக்குப் பின்னால பொடக்காலிக் கதவைத் திறந்து, ஏனுங்க, ஆத்துக் கல்லுக்குள்ள தண்ணி நிக்குமுங்க, சூடேறுனா வெடிச்சுத் தெறிக்குமுங்க, அதையெல்லாம் எடுத்துப்போட்டு செங்கல்லு வைங்கன்னு ஒரே மூச்சுல சொல்லிப்போட்டு உள்ள வந்துரணும். அவ்வளவுதான் வேலை. இதுக்குப் போயி நெஞ்சு எதுக்கு இப்படி அடிச்சுக்குதுன்னு தெரியலை. மத்தியானத்துல இருந்து இதே கிழங்கைத்தான் கழுவிட்டு இருக்கறேன், தோலெல்லாம் போயி வெள்ளையாத் தெரியுது, இன்னும் கொஞ்ச நேரம் போனா கிழங்கே இருக்காது. சமையக்கட்டு ஜன்னலுக்கு அந்தப் பக்கம், எலுமிச்சை மரத்துக்குத் தள்ளி, என்ற வீட்டுக்காரர் குத்தவெச்சு உக்காந்து கல்லை அடுக்கிட்டு இருக்கறார். குழி தோண்டி, அடியில ஜல்லி போட்டு, மேல மணல் பரப்பி, சுத்தியும் ரெண்டு வரிசை கல்லு. சாயங்காலம் பொழுதோட கோமதி வருவா, அவரோட தங்கச்சி, திருப்பூர்ல இருந்து, மாப்பிள்ளையும் ரெண்டு குழந்தைகளும் கூட. எல்லாரும் சுத்தி உக்காந்து, நடுவுல நெருப்பு எரிய, கிழங்கும் சோளமும் சுட்டுத் திங்கறதாம். ஊட்டியில லாட்ஜுக்காரங்க பண்ற மாதிரியாம். குழந்தைக மூஞ்சிக்கு நேரா அந்தக் கல்லு இருக்கும். கல்லுக்கும் கண்ணுக்கும் நடுவுல ஒண்ணும் இருக்காது. சொல்லிரணும்.

சொன்னா அவர் எதுத்துப் பேசமாட்டார். அதுதான் பயம். சண்டை போடற ஆம்பளையா இருந்தா எனக்கென்ன, நானும் நாலு வார்த்தை எடுத்துவிட்டுட்டுப் போயிட்டே இருப்பேன், வாயில நான் ஒண்ணும் குறைஞ்சவ இல்லை. இவர் சரின்னு சொல்லுவார். சரின்னு சொல்லிக் கையில இருக்கறதைக் கீழ வெச்சுட்டு, உள்ள வந்து, டிவிக்குப் பக்கத்துல அந்த ஒயர் நாற்காலியில உக்காந்துக்குவார். டிவியும் போடமாட்டார். ஆனி மாசம் மாமனார் போனதுல இருந்து அப்படித்தான். மோட்டார் காயில் கட்டற பட்டறை வெச்சிருக்கறார். சுத்துவட்டாரத்துல எந்தத் தோட்டத்து மோட்டார் எரிஞ்சாலும் சம்பத்து கைக்குத்தான் வந்தாகணும்னு பீத்திக்கிட்ட மனுசன், காத்தால போறார், மத்தியானமே திரும்பிர்றார், ஏனுங்க வேலை இல்லீங்களான்னா, இருக்குதுங்கறார், அதோட சரி. எங்க நிவி ரேங்க் கார்டைக் கொண்டுவந்து நீட்டுனப்ப, நல்லாருக்குது சாமின்னு சொன்னார், கார்டைத் தலைகீழாப் பிடிச்சிருந்தார். அந்தக் குழந்தை அப்பன் மூஞ்சியைப் பாத்துச்சு, என்ற மூஞ்சியைப் பாத்துச்சு, ஏழாவது படிக்கற குழந்தை, கார்டை அவர் கையிலயே நேராத் திருப்பி வெச்சுட்டுப் போயிருச்சு. அன்னைக்குப் பிடிச்ச பயம் எனக்கு. மனுசன் இங்க இருக்கறாரா, அப்பன் கூடவே கிளம்பிட்டாரா. இன்னொண்ணும் இருக்குது. அவர் தீக்குச்சி கிழிக்கறதில்லை. கொள்ளி வெச்ச கை, அதுக்கப்பறம் ஒரு சூடம் பத்தவைக்கலை, அடுப்புக்கிட்ட வரலை. கரண்டு போன அன்னைக்கு மெழுகுவத்தியைக் கையில வெச்சுக்கிட்டு இருட்டுக்குள்ளயே நின்னுட்டு இருந்தார், நான் வந்து பத்தவைக்கற வரைக்கும். அப்பேர்ப்பட்ட ஆளு போன வாரம் சாப்பிட்டுட்டு இருக்கறப்ப நிமிந்து, பொடக்காலியில நெருப்புக் குழி ஒண்ணு போடலாம்னு இருக்கறேன் வாசுன்னு சொல்றார். போடுங்க, தாராளமாப் போடுங்கன்னேன். வீட்டையே தோண்டறேன்னு சொல்லியிருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன். அன்னைக்கே நடுவுல குச்சி நட்டு, சணல் கயிறு கட்டி, சுத்தி வந்து வட்டம் இழுத்தார். பழையபடி நாக்கைக் கடிச்சுக்கிட்டு. அந்த நாக்கைப் பாத்து எத்தனை மாசம் ஆச்சு. இப்பப் போயி நான் இது தப்புங்கன்னு சொல்லணுமாம்.

என்ற முழங்கைக்குக் கீழ இருக்கற வெட்டு அந்தக் கல்லைப் பாத்ததுல இருந்து நமநமன்னு இருக்குது. சின்னப் புள்ளையில வாங்குன வெட்டு. எங்க குலதெய்வக் கோயில் ஆத்தோரத்துல இருக்குது, பொங்கல் வைக்கப் போனா ஆளுக்கு மூணு செங்கல் வீட்டுல இருந்தே எடுத்துட்டுப் போயிருவாங்க, வழக்கமே அதுதான், ஏன் எதுக்குன்னு யாரும் கேட்டதில்லை. ஒரு வருசம் எங்க சித்தி செங்கல்லை மறந்துபோட்டா. மறந்ததை வெளிய சொன்னா மாமியா திட்டுவான்னு பயந்துக்கிட்டு, தண்ணி ஓரமாக் கிடந்த குண்டுக் கல்லு மூணைப் பொறுக்கி அடுப்பு கூட்டிட்டா. வழவழன்னு அழகா இருந்துச்சு கல்லு. பானை பொங்கி வர்ற நேரம், எல்லாரும் குலவை போட வாயைத் திறக்கறாங்க, டமார்னு ஒரு சத்தம். யாரோ வெடி போட்டாங்கன்னுதான் நினைச்சேன். பாத்தா பானை இல்லை, மணல்ல வெந்த அரிசி ஆவி பறந்துட்டுக் கிடக்குது, சித்தி மூஞ்சியைப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கறா, என்ற கையில இருந்து ரத்தம் பாவாடையில சொட்டுது. சித்தி கையை எடுக்கற வரைக்கும் ஒருத்தரும் மூச்சுவிடலை. கண்ணு இருந்துச்சு. புருவத்துக்கு மேலதான் கிழிஞ்சிருந்துச்சு. வெந்த அரிசி வாசமும் ரத்த வாசமும் ஒண்ணாச் சேந்து அடிச்சது இன்னும் மூக்குல நிக்குது, இன்னைக்கும் பொங்கல் பானை பொங்கறப்ப நான் ரெண்டடி பின்னால போயிருவேன், எல்லாரும் என்னைக் கிண்டல் பண்ணுவாங்க. கோமதியோட சின்னவனுக்குப் புருவமே இன்னும் சரியா முளைக்கலை. எதைக் கண்டாலும் கிட்டப்போயி உத்துப் பாக்கற குழந்தை அது.

மழை வந்தாத் தேவலை. மார்கழியில எங்க மழை. கோமதிக்குப் போன் பண்ணி எனக்குக் காச்சல்னு சொல்லிரலாம். சொன்னா அவ ரசம் வெச்சு எடுத்துக்கிட்டு இன்னும் சீக்கிரமா வந்து நிப்பா, அவ குணம் அப்படி. பக்கத்து வீட்டுக்காரர் புகைக்குச் சத்தம் போடறாருன்னு சொல்லலாம், அவரே சம்பத்துக்கு விறகு கொடுத்திருக்கறார், கெட்டுது போ. வெயில் இறங்கிருச்சு, காத்து சில்லுன்னு வருது, ஜன்னல் கம்பியே ஜில்லுங்குது. இந்தக் குளிர் வந்தா எனக்கு மாமனார் நெனப்புத்தான். ஐசியுவுல ரெண்டு போர்வை போத்தியிருந்தாங்க, கால்ல சாக்ஸ் போட்டிருந்தாங்க, அப்பவும், குளிருதுடா சம்பத்துன்னு சொன்னாராம். அதுதான் கடைசி வார்த்தை. வேற ஏதாவது சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனுசன், புள்ளையப் பாத்துக்கன்னோ, பட்டறையப் பாத்துக்கன்னோ. குளிருதுன்னு சொல்லிட்டுப் போனார். அப்பறம் பெங்களூருச் சொந்தமெல்லாம் வந்து சேரோணும்னு ஒரு ராத்திரி முழுக்க ஃப்ரீசர் பொட்டி. கண்ணாடிக்கு உள்பக்கம் பனி கட்டி நின்னுச்சு, இவர் துண்டை வெச்சு வெளிப்பக்கம் துடைச்சுக்கிட்டே இருந்தார், உள்ள இருக்கற பனி வெளிய துடைச்சாப் போகுமா. நான்தான் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். இப்பவும் அப்படித்தான் துடைச்சுட்டு இருக்கறார். ஒவ்வொரு கல்லையும் எடுத்து, திருப்பித் திருப்பித் துடைச்சு, அப்பறந்தான் வைக்கறார். கையில இருக்கறது பச்சைக்கரைத் துண்டு. மாமனார் துண்டு. அது பீரோவுக்குள்ளதானே இருந்துச்சு. கல்லைத் துடைக்க வேற துணி கிடைக்கலையா இந்த மனுசனுக்கு. சாந்தும் போடலை, சும்மா அடுக்கித்தான் வைக்கறார். ஒரு ஸ்குரூவை லூசா விட்டா ராத்திரி தூக்கம் வராத ஆளு. போதும், கிழங்கை வெச்சுட்டேன், காப்பியை எடுத்துட்டேன், கதவைத் திறந்துட்டேன், போறேன், சொல்லிரப் போறேன்.

காப்பியை வாங்கிக்கிட்டு, எப்படி இருக்குதுன்னார். அவரே கேக்கறார். ஜோரா இருக்குதுங்கன்னு வாயில வந்துருச்சு, நான் வெச்சிருந்த வார்த்தை எங்கயோ போயிருச்சு. சும்மா நிக்க முடியாம ஒரு கல்லை எடுத்துப் பாத்தேன். கனம். ரெண்டு கையிலயும் பிடிக்கணும். நடுவுல சின்னதா ஒரு பொத்து, அதுக்குள்ள கறுப்பா ஏதோ. எறும்பாக்கும்னு நகத்துல நோண்டுனேன். எள்ளு. எண்ணெய்ப் பிசுக்குல ஒட்டிக்கிட்டு இருந்த எள்ளு. எள்ளுக்கு இங்க என்ன வேலைன்னு மனசு கேக்கறதுக்குள்ள உடம்புக்குத் தெரிஞ்சுபோச்சு, கால்ல இருந்து சில்லுன்னு ஏறுச்சு. கருமாதிக் கல்லு. ஆத்தங்கரையில ஒரு கல்லை நட்டு, போனவர் அதுல வந்து உக்காந்திருக்கறதா வெச்சு, பால் ஊத்தி, நல்லெண்ணெய் தடவி, எள்ளும் தண்ணியும் இறைச்சு, கடைசியா மூத்த மகன் ஆத்துக்கு முதுகைக் காட்டி நின்னு கல்லைத் தோளுக்கு மேல தூக்கிப் பின்னால போடணும். போட்டுட்டுத் திரும்பிப் பாக்கக் கூடாது. நாம திரும்பிப் பாத்தா போறவரும் திரும்பிப் பாப்பாரு, அப்பறம் போகமாட்டாருன்னு சொல்லுவாங்க. நாங்க பொம்பளைக எல்லாம் படித்துறைக்கு மேல தள்ளி நின்னோம், எனக்குத் தொபுக்குன்னு சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு. அப்ப இந்தக் கல்லு. கையில இருந்ததைப் போடவும் பயம், வெச்சிருக்கவும் பயம். மத்ததைப் பாத்தேன். எல்லாம் ஒரே அளவு. ஒரு ஆம்பளை ரெண்டு கையில எடுத்துத் தோளுக்கு மேல போடற அளவு. ஒண்ணுல மஞ்சத் துணி நூலு காஞ்சு ஒட்டியிருக்குது. இவ்வளவு நாளா அதைப் பாக்காம என்ற கண்ணு எங்க போச்சு. யார் யார் வீட்டு அப்பனோ, அம்மாளோ, வயசுப் புள்ளையோ. தண்ணியில விட்டவங்களைத் தூக்கிட்டு வந்து என்ற பொடக்காலியில வட்டமா உக்காரவெச்சிருக்கறார். உள்ள நிவி வீட்டுப்பாடம் எழுதிட்டு இருக்கறா. கோமதி குழந்தைகளைக் கூட்டிக்கிட்டுப் பாதி வழி வந்திருப்பா. சாமி, என்ற வீட்டுக்கு என்ன ஆகப் போகுது. இவருக்கு என்ன ஆச்சு.

"ஏனுங்க, இது எங்கத்தக் கல்லுங்க?"

அவர் துடைக்கறதை நிறுத்தலை. படித்துறைக் கல்லுதான்னார். ஏதோ கடையில வாங்கிட்டு வந்த மாதிரி.

"அப்பாவுது எதுன்னு தெரியலை வாசு. திரும்பிப் பாக்கக் கூடாதுன்னாங்க, நான் பாக்கலை. சத்தம் எந்தப் பக்கம் கேட்டுச்சுன்னு மட்டும் ஞாபகம் இருந்துச்சு. அந்தப் பக்கம் கிடந்ததெல்லாம் எடுத்துட்டு வந்துட்டேன்."

எதுக்குங்கன்னு நான் கேக்கலை. அவரே சொன்னார், தலையை நிமித்தாம, குழிக்குள்ள இருக்கற மணலைப் பாத்துக்கிட்டே.

"குளிருதுன்னாரில்ல. மார்கழித் தண்ணி, கால் வெக்க முடியலை, அத்தனை ஜில்லு. ஒரு பொழுது குளிர் காஞ்சுட்டுப் போகட்டும். நாளைக்குக் காத்தால எல்லாத்தையும் கொண்டுபோயி விட்டுர்றேன். பத்தவைக்கறதுக்கு மட்டும் நீ வா."

இதுக்கு என்ன பண்றது. கத்தவா. கோயில் பூசாரிக்குப் போன் பண்ணவா. கல்லுப்பு கரைச்சு வீடு முழுக்கத் தெளிக்கவா. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா இந்த வீட்டுல பச்சத்தண்ணி குடிக்கமாட்டா. எனக்குப் பயமா இருக்குது, அவர்கிட்டப் பயமா இருக்குது, என்ற வீட்டுக்காரர் மேலயே பயமா இருக்குது, இப்படி ஒண்ணு என்ற வாழ்க்கையில வரும்னு நான் நினைச்சதே இல்லை. ஓடிப்போயி நிவியைக் கூட்டிக்கிட்டு தெருவுக்குப் போயிரலாம்னு கூட ஒரு நிமிசம் தோணுச்சு. அதே நேரம், அதே நெஞ்சுக்குள்ள, அந்தப் பச்சைக்கரைத் துண்டைப் பாத்து அழுகையும் வருது. இந்த மனுசன் இத்தனை மாசமா நாற்காலியில சும்மா உக்காந்திருக்கலை. குளிருதுன்னு சொன்னவருக்கு என்ன பண்றதுன்னு யோசிச்சுட்டு இருந்திருக்கறார். அவருக்கு வேற வழி தெரியலை, கையால செய்யற ஆளு, கையால ஒண்ணு செஞ்சுட்டார். தப்பாச் செஞ்சுட்டார். அதை அவர்கிட்ட நான்தான் சொல்லியாகணும், வேற யாரு இருக்கறா. கையில இருந்த கல்லை நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டேன், கீழ போட்டா உடைஞ்சிருமோன்னு.

"நெருப்புக்கிட்ட வெச்சா இது வெடிச்சுருமுங்க. உள்ள தண்ணி இருக்குதுங்க. எங்க சித்தி அடுப்புல வெடிச்சது. இது அந்தக் காயந்தானுங்க."

கையை நீட்டிக் காமிச்சேன். இந்த வெட்டை அவர் எத்தனையோ தடவை பாத்திருக்கறார், பாத்திரம் கீறுச்சுன்னு நான் சொல்லியிருந்ததை நம்பியிருந்தார். இப்ப அதைப் பாத்துட்டு அடுக்கி வெச்ச கல்லைப் பாத்தார். மூஞ்சி வெளுத்துப்போச்சு. வெடிச்சுருவாரான்னு கேட்டார். கல்லு வெடிக்குமான்னு கேக்கலை. நிவி சின்னதுல ஆஸ்பத்திரியில ஊசி வலிக்குமான்னு கேப்பாளே, அதே குரல். தள்ளி வெச்சா ஒண்ணும் ஆகாதுங்க, நாம உக்கார்ற மாதிரித் தள்ளி வெச்சா, அனல் மட்டும் படும், காஞ்சுக்குவாங்கன்னேன். காஞ்சுக்குவாங்கன்னு எப்படி என்ற வாயில வந்துச்சு, எனக்கே தெரியலை. அவர் எந்திரிக்கலை. கை ரெண்டும் துண்டுக்குள்ள சுருட்டிக்கிட்டுக் கிடக்குது. போச்சு, நாற்காலிக்குப் போயிருவார்னு நினைச்சேன். அதுக்கு முன்னால நானே குனிஞ்சு முதக் கல்லைத் தூக்கிட்டேன். யாரோட அப்பனோ. மன்னிச்சுக்குங்க, கொஞ்சம் தள்ளி உக்காருங்கன்னு முணுமுணுத்துக்கிட்டே கொண்டுபோயி நாற்காலி போடற எடத்துல வெச்சேன். ரெண்டாவது. மூணாவது. அப்பறம் அவரும் எந்திரிச்சார். காம்பவுண்டு கட்டறப்ப மீந்த செங்கல்லு மரத்தடியில கிடந்துச்சு, அதைக் கொண்டுவந்து குழியைச் சுத்தி வெச்சார். கடைசிக் கல்லை வைக்கறப்ப வாசல்ல கார் ஹாரன் கேட்டுச்சு.

கோமதி வந்தா, குழந்தைக வந்தாங்க, நிவி ஓடி வந்தா. எதுக்கு அண்ணி சுத்தியும் கல்லுன்னு கேட்டா, அழகுக்குன்னு சொல்லிட்டேன். அவ மூஞ்சியில அவங்கப்பா ஜாடை அப்படியே இருக்குது, அதுக்கு மேல என்னால பொய் சொல்ல முடியலை, உள்ள போயி சோளத்தை எடுத்துட்டு வந்தேன். தீப்பெட்டியை அவர் எங்கிட்ட நீட்டுனார். நான் பத்தவெச்சேன். தேங்காமட்டை பிடிச்சு, விறகு பிடிச்சு, நெருப்பு ஆளு உசரத்துக்கு எந்திரிச்சு நின்னுச்சு. அவர் ரெண்டடி பின்னால போயி நின்னுக்கிட்டார், பொங்கல் பானைக்கு நான் போற மாதிரி. குழந்தைக கை தட்டுனாங்க. எனக்கு மட்டும் ஒவ்வொரு சத்தத்துக்கும் உசுரு போயி வந்துச்சு. விறகு சடசடங்குது, நான் சின்னவன் மூஞ்சியைப் பாக்கறேன். சோளம் டப்புங்குது, நான் கல்லைப் பாக்கறேன். எதுவும் ஆகலை. ஆகலைங்கறது பயத்தைக் குறைக்கவே இல்லை. சின்னவன் கல்லு மேல ஏறி உக்காந்துக்கிட்டான். நான் பாஞ்சு போயித் தூக்கப் போனேன், சம்பத்து என்ற கையைப் பிடிச்சார். உக்காரட்டும்னார். அவர் கை சூடா இருந்துச்சு. கிழங்கு வெந்த வாசம் வந்துச்சு. மாப்பிள்ளை ஏதோ ஜோக் சொன்னார், கோமதி சிரிச்சா, அவர் சிரிக்கலை, ஆனா தட்டுல இருந்த கிழங்கைத் தோல் உரிச்சு நிவிக்கு ஊட்டிவிட்டார். நிவி என்னைப் பாத்தா. நான் நெருப்பைப் பாத்துக்கிட்டேன்.

விறகு உள்வாங்கிக் கங்கு மட்டும் சிவந்து கிடந்தப்ப, குழந்தைக கை கழுவ உள்ள போயிட்டாங்க. நான் எந்திரிச்சேன். கிட்டத்துல இருந்த கல்லுல கையை வெச்சுப் பாத்தேன். நெருப்பைப் பாத்த பக்கம் வெதுவெதுன்னு, குழந்தை வயிறு மாதிரி. பின்பக்கம் பனியாட்டம் ஜில்லுன்னு இருந்துச்சு. பயம் போகலை. ரெண்டு கையிலயும் பிடிச்சு அதைத் திருப்பி வெச்சேன். அடுத்ததுக்குப் போனேன். எது மாமனார்னு தெரியாது, அதனால ஒண்ணையும் விட முடியாது. சம்பத்து இருந்த எடத்துலயே இருந்து பாத்துட்டு இருந்தார். என்ன அண்ணி பண்றீங்கன்னு கோமதி கேட்டா.

"ஒரு பக்கந்தான் காஞ்சிருக்குது கோமதி"ன்னேன். "முதுகு குளிருமில்ல."